எந்த வகுப்பில் ஏறுவது? டெல்லி வாசகர்களின் ரயில் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட்டுக்கு உட்காரும் நேரம் இது. பயண நாளுக்கு 60 நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது. அந்த எட்டு மணிக்கு மேல் 'செகண்ட் ஏசியா, தேர்டு ஏசியா' என்று வீட்டில் பஞ்சாயத்து வைத்தால், தீர்ப்பு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை போகிறார்கள். "தூங்கத்தானே போகிறோம், தேர்டு ஏசி போதும்" என்கிறார் அப்பா. செகண்ட் ஏசிக்கு அவ்வளவு பணம் கொடுப்பதில் பிரயோஜனம் உண்டா?
*வாசகி, கரோல் பாக்*

அப்பா தன் கணக்கில் ஒரு பகலை விட்டுவிட்டார். அந்த வண்டி புது டெல்லியில் இரவு கிளம்பி, 2,182 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் சென்ட்ரல் போய்ச் சேர்கிறது. இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். இரவில் இரண்டு வகுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதே குளிர், அதே இரண்டு வெள்ளை விரிப்பு, தலையணை, கம்பளி. வித்தியாசம் விடிந்த பிறகுதான் தெரியும்.

தேர்டு ஏசியில் ஒரு தடுப்புக்குள் எதிரெதிராக ஆறு பெர்த், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் முதுகை நிமிர்த்தி உட்கார முடியாது. படுக்கலாம், அல்லது குனிந்து கூனிக்கொண்டு இருக்கலாம். விதிப்படி நடு பெர்த்தைப் போட்டுக்கொள்ளும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதன் பிறகு கீழ் பெர்த் மூன்று பேர் உட்காரும் இருக்கை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா அரை மணி நேரம் காலை நீட்ட நினைத்தால் மேலே இருப்பவர்கள் மனது வைக்க வேண்டும். செகண்ட் ஏசியில் நடு பெர்த்தே கிடையாது. எந்நேரமும் நிமிர்ந்து உட்காரலாம். பகலில் கூட வந்து உட்காரும் உரிமை மேல் பெர்த்காரர் ஒருவருக்குத்தான். திரைச்சீலையும் உண்டு. முட்டி வலி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கும், இரவில் இரண்டு மூன்று முறை கழிவறைக்கு எழுந்து போகிறவர்களுக்கும் கூடுதல் பணம் போய்ச் சேருவது இந்த ஒரு வசதிக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. இப்போதைய எல்.எச்.பி. என்ற புது வகை தேர்டு ஏசி பெட்டியில் 72 பெர்த். அதில் சைடு லோயரையும் சேர்த்துக் கீழ் பெர்த் 27தான். செகண்ட் ஏசியில் ஏறக்குறைய பாதி பெர்த் கீழே. ஆகவே கீழ் பெர்த் கிடைக்கும் வாய்ப்பே அங்கே கூடுதல்.

இவ்வளவு சொன்னாலும், தேர்டு ஏசியில் இரண்டு கீழ் பெர்த் உறுதியாகக் கிடைத்தால் அதுவே போதும் என்பதுதான் எங்கள் கட்சி. செகண்ட் ஏசியில் மேல் பெர்த் வாங்கிக்கொண்டு, 72 வயதில் ஏணியில் ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பயணிகள் விவரம் நிரப்பும் பக்கத்தில், 'இரண்டு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு' என்ற தேர்வு இருக்கிறது. முதலில் அதைக் குறித்துத் தேர்டு ஏசியில் முயலுங்கள். கிடைக்காவிட்டால் செகண்ட் ஏசிக்குப் போங்கள். பெற்றோர் இருவரையும் மட்டும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ் பெர்த் ஒதுக்கீடு தனியாகப் போகிறவருக்கும், ஒரே டிக்கெட்டில் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கும்தான். பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தச் சலுகை போச்சு.

பலரும் செய்யும் தப்பு ஒன்று. டிக்கெட் போடும்போது 'தானியங்கி மேம்பாடு' என்ற கட்டத்தில் 'டிக்' விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியல்) போடும்போது மேல் வகுப்பில் காலியிடம் இருந்தால், காசு வாங்காமல் அங்கே மாற்றிவிடும் ஏற்பாடு அது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 60 நாள் முன்பே பிடித்த கீழ் பெர்த் போய் இரண்டு மேல் பெர்த் வந்து நிற்கலாம். முதியவர்கள் டிக்கெட்டில் அந்த 'டிக்'கை எடுத்துவிடுங்கள்.

பெர்த் எண்ணைப் பார்த்ததும் கீழா மேலா என்று கண்டுபிடிப்பது எப்படி?
*வாசகர், ஜனக்புரி*

ஸ்லீப்பர், தேர்டு ஏசி, தேர்டு ஏசி எகானமி மூன்றிலும் எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ். 2 அல்லது 5 நடு. 3 அல்லது 6 மேல். 7 சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். 37ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5, ஆக நடு பெர்த். செகண்ட் ஏசியில் 6ஆல் வகுக்க வேண்டும்: 1, 3 கீழ், 2, 4 மேல், 5 சைடு லோயர், மீதியில்லாதது சைடு அப்பர். பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் சில நேரம் இது ஒன்றிரண்டு எண் தவறும்.

கூடவே இதையும் பாருங்கள். முதல் எட்டு எண்களும் கடைசி எட்டு எண்களும் கழிவறைக் கதவை ஒட்டி, சக்கரங்களுக்கு நேர் மேலே வரும். ஆட்டம், சத்தம், வாடை, இரவெல்லாம் கதவு அடிபடுவது எல்லாம் அங்கேதான். 25 முதல் 48 வரை பெட்டியின் நடுப்பகுதி. ஆறடி உயரக்காரர்களுக்குப் பக்கவாட்டு பெர்த் எதுவும் ஆகாது. குறுக்கே போட்ட பெர்த்தில் காலை நடைபாதைப் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் இரண்டு முனையிலும் தடுப்பு இருப்பதால் முழங்காலை மடக்கியே தூங்க வேண்டும்.

மே மாதம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறேன். எப்போதும் ஸ்லீப்பர்தான். இந்த முறை 'எகானமி' தேர்டு ஏசியில் போகலாமா? அதில் கம்பளி தருவார்களா?
*வாசகர், குருகிராம்*

கம்பளி, விரிப்பு, தலையணை எல்லாம் தருகிறார்கள். 2021இல் அறிமுகமான வகுப்பு இது. பெட்டியில் 'எம்' என்ற எழுத்து இருக்கும். சாதாரண தேர்டு ஏசியைவிடக் கட்டணம் 6 முதல் 8 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்றால், 72 பேர் படுக்கும் நீளத்தில் 80 பேரை ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே முழங்கால் உரசும். ஆள் கூடினால் பெட்டி படுக்கையும் கூடும், இருக்கைக்கு அடியில் உள்ள இடமோ கூடாது. அதற்கு ஈடாக ஒவ்வொரு பெர்த்துக்கும் தனி ஏசி துளை, படிக்க விளக்கு, சார்ஜ் போடும் இடம் என்று சில நல்ல விஷயங்கள் வைத்திருக்கிறார்கள். ஒற்றைப் பையோடு தனியாகப் போகும் இளைஞருக்கு ஏற்றது. நான்கு சூட்கேஸோடு போகும் குடும்பத்துக்கு அந்த 6 சதவீதத்தில் மிச்சம் பிடிப்பது தலைவலி.

ஸ்லீப்பரைப் பொறுத்தவரை மாதம்தான் முக்கியம். மே மாத விஷயம் இதுதான்: பகல் பொழுது முழுக்க வண்டி நாக்பூர், பல்லார்ஷா, தெலங்கானா வழியாகப் போகிறது. விதர்பாவில் அப்போது 45 டிகிரிகூட அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுப்பு ஊதியது போல அனல், மூடினால் புழுக்கம். மேல் பெர்த் கூரையை ஒட்டி இருப்பதால் தகரச் சூடு நேரே இறங்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுழற்றிக் கொடுக்கும். ஸ்லீப்பர்தான் என்று முடிவெடுத்தால் கீழ் பெர்த்தோ சைடு லோயரோ பிடியுங்கள். பதினோரு மணி முதல் நாலு மணி வரை வெயில் அடிக்கும் பக்கத்து ஜன்னலை மூடி வையுங்கள். நாளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டில் 14 ரூபாய்; அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் இது அப்படியே தலைகீழ். ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் காற்று வரும், கீழ் பெர்த்தும் நடு பெர்த்தும் விறைத்துப்போகும். சூடு மேலே தங்குவதால் மேல் பெர்த்தே கதகதப்பு. போபால் தாண்டும் வரைதான் இந்தப் பாடு. மறுநாள் இரவு விஜயவாடா வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். ஆக ஒரே ஒரு இரவுக்கு ஒரு நல்ல கம்பளியும் காதுக்குல்லாவும் இருந்தால் குளிர்காலத்தில் ஸ்லீப்பர் தாராளமாகத் தாங்கும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தை மாதத்தில் பிடியுங்கள், சித்திரையில் வேண்டாம்.

எவ்வளவு மிச்சம்? டெல்லி–சென்னை தூரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணம் ஒரு பங்கென்றால், தேர்டு ஏசி தோராயமாக இரண்டரைப் பங்கு, செகண்ட் ஏசி மூன்றரைப் பங்குக்கு மேல், ஃபர்ஸ்ட் ஏசி ஆறு பங்கு. ஏசி வகுப்புகளுக்கு மட்டும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறும், ஸ்லீப்பருக்குக் கிடையாது. எத்தனை மடங்கு என்று பார்த்தால் பெரிய தாவல் ஸ்லீப்பருக்கும் தேர்டு ஏசிக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ராஜ்தானியில் தேர்டு ஏசி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் செகண்ட் ஏசி இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை காட்டுகிறதே, எது நல்லது?
*வாசகர், மயூர் விஹார்*

நீங்கள் பார்த்தது சரிதான். ராஜ்தானியில் 2016 செப்டம்பர் முதல் 'ஃப்ளெக்ஸி' கட்டணம். முதல் 10 சதவீத பெர்த்துகள் அடிப்படைக் கட்டணத்தில் போகும். அதன் பிறகு ஒவ்வொரு 10 சதவீதம் விற்கும்போதும் கட்டணம் 10 சதவீதம் ஏறும். உச்சவரம்பு 1.4 மடங்கு. அடிப்படை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாதிப் பெட்டி நிறைவதற்குள் 2,800 ஆகிவிடும். முன்பதிவு திறந்த அன்றே போட்டவருக்கும் பத்து நாள் கழித்துப் போட்டவருக்கும் ஒரே பெர்த்துக்கு எண்ணூறு ரூபாய் வித்தியாசம். ஃபர்ஸ்ட் ஏசிக்கு இந்த ஏற்றம் கிடையாது.

நிஜாமுதீனிலிருந்து கிளம்பும் சென்னை ராஜ்தானி தினசரி வண்டியல்ல, வாரத்தில் இரண்டு நாள்தான். பிற்பகலில் கிளம்பி மறுநாள் இரவு சென்னை. ஒரே ஒரு இரவு என்பதால் அதில் தேர்டு ஏசியே போதும். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு ராஜ்தானி நல்ல தேர்வு. ஆனால் அன்றிரவே மதுரைக்கோ நெல்லைக்கோ வண்டி மாற வேண்டியவர்கள் யோசிக்க வேண்டும். தென்மாவட்ட இரவு வண்டிகளில் பெரும்பாலானவை நீங்கள் சென்ட்ரலில் இறங்குவதற்குள் கிளம்பிவிடும், அல்லது கிளம்பும் தறுவாயில் இருக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் சேர்வதால் பகல் வண்டிகளைப் பிடிக்க வசதி.

மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர்கள் சென்னையில் மாறவே வேண்டாம். நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரி வரையிலும், சம்பர்க் கிராந்தி மதுரை வரையிலும் போகின்றன. இரண்டும் வாரத்தில் இரண்டு நாள். சேலம், ஈரோடு, கோவைக்காரர்களுக்குத் தினசரி கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஒரே வண்டியில் தேர்டு ஏசியில் போவது, செகண்ட் ஏசியில் போய் மூட்டை முடிச்சோடு சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு அலைவதைவிடச் சுகம்.

ராஜ்தானி டிக்கெட்டில் உணவு வேண்டாம் என்று குறித்தால் அந்தத் தொகை குறையும். பனீரும் பருப்பும் ஒத்துக்கொள்ளாதவர்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் புளியோதரையையும் கட்டிக்கொண்டு போகலாம், இரண்டும் ஒரு நாள் தாங்கும்.

ஃபர்ஸ்ட் ஏசியில் கணவன் மனைவிக்குத் தனி அறை கிடைக்குமாமே? எங்கள் நாயையும் அழைத்துப் போக முடியுமா?
*வாசகி, நொய்டா*

ஃபர்ஸ்ட் ஏசியில் இரண்டு பேர் படுக்கும் கூபேயும், நான்கு பேர் படுக்கும் கேபினும் உண்டு. எல்.எச்.பி. பெட்டி முழுவதற்கும் 24 பெர்த்தான். கதவை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிக்கெட் போடும்போது எந்த அறை, எந்த பெர்த் என்று வராது. சார்ட் தயாராகும்போதுதான் ஒதுக்குவார்கள். இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போனால் கூபே கிடைக்க வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் இல்லை. முன்பின் தெரியாத இருவரோடு நான்கு பேர் கேபினும் வரலாம்.

நாய் உங்களோடு ஒன்றாகப் போக ஒரே வழி ஃபர்ஸ்ட் ஏசிதான், அதுவும் கூபேயையோ கேபினையோ முழுதாக நீங்களே எடுத்தால் மட்டும். செகண்ட் ஏசி, தேர்டு ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயை ஏற்ற அனுமதியில்லை. இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில்தான் போக வேண்டும். இரண்டு இரவு தாங்கும் இடமல்ல அது. டிக்கெட் உறுதியானதும், கூபே ஒதுக்கும்படி முன்பதிவு அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். பயண நாளன்று தடுப்பூசிச் சான்றிதழ், டிக்கெட் நகல் இரண்டோடும் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்குத் தனியாகப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் பிடிபட்டால் அபராதம் பல மடங்கு.

நாயும் இல்லை, விமானத்தில் போக மருத்துவத் தடையும் இல்லை என்றால் ஃபர்ஸ்ட் ஏசிக்குப் பணம் கட்டுமுன் விமானக் கட்டணத்தை ஒரு தடவை பாருங்கள். பல நாட்களில் இரண்டும் அருகருகே நிற்கும். ஃபர்ஸ்ட் ஏசியில் ஆளுக்கு 70 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது வீடு மாற்றிப் போகிறவர்களுக்கு மட்டும் பெரிய விஷயம். செகண்ட் ஏசிக்கு 50 கிலோ, தேர்டு ஏசிக்கும் ஸ்லீப்பருக்கும் 40.

மத்திய அரசு ஊழியர், சம்பள லெவல் 7. எல்.டி.சி.யில் (விடுப்புப் பயணச் சலுகை) செகண்ட் ஏசி தகுதி. தேர்டு ஏசியில் போய்விட்டு மீதியைக் கேட்கலாமா?
*வாசகர், ஆர்.கே. புரம்*

முடியாது. லெவல் 6 முதல் 11 வரை செகண்ட் ஏசி, 12 முதல் மேலே ஃபர்ஸ்ட் ஏசி என்பது உச்சவரம்பு. கையிலிருந்து கொடுத்த தொகைதான் திரும்ப வரும். ராஜ்தானியின் ஃப்ளெக்ஸி கட்டணத்தையும் எல்.டி.சி.யில் கேட்கலாம் என்பதால், செகண்ட் ஏசி தகுதி உள்ளவர்கள் தேர்டு ஏசியில் சிக்கனம் பிடித்து யாருக்கும் லாபமில்லை.

அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமென்றால் தட்கலில் எந்த வகுப்புக்கு முதலில் முயல்வது?
*வாசகர், முனிர்கா*

ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. இந்த ஒரு மணி நேர இடைவெளி உங்களுக்குச் சாதகம். 10 மணிக்குத் தேர்டு ஏசி பாருங்கள். போய்விட்டால் கையோடு செகண்ட் ஏசி பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 11 மணிக்கு ஸ்லீப்பர். ஃபர்ஸ்ட் ஏசிக்குத் தட்கலே கிடையாது. தட்கல் கூடுதல் கட்டணத்துக்கு உச்சவரம்பு ஸ்லீப்பரில் 200 ரூபாய், தேர்டு ஏசியில் 400, செகண்ட் ஏசியில் 500. 2025 ஜூலை முதல் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்த்திருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். அந்த வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், இன்றே முடித்துவிடுங்கள்.

தட்கலில் காத்திருப்போர் பட்டியல் வந்தால் வாங்க வேண்டாம். அது ஆர்.ஏ.சி. (ஒரு பெர்த்தை இருவர் பகிரும் நிலை) வழியாக நகராது, இன்னொரு தட்கல்காரர் ரத்து செய்தால்தான் உறுதியாகும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்யப் போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் ஒரு பைசாவும் திரும்பாது. அதைவிடப் பொதுப் பிரிவில் ஆர்.ஏ.சி. கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சைடு லோயரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும், கட்டணம் என்னவோ முழுசுதான். ஆனாலும் வண்டியில் ஏறும் உரிமை உண்டு. வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிட்ட ஆன்லைன் டிக்கெட்டுக்கு அதுவும் இல்லை, சார்ட் போட்டதும் தானாகவே ரத்தாகிவிடும்.

டெல்லிக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தட்கல் திறப்பது நீங்கள் ஏறும் நாளுக்கு முந்தைய நாளில் அல்ல, வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளில். கட்ராவிலிருந்து கன்னியாகுமரி போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் மறுநாள்தான் புது டெல்லிக்கு வருகிறது. ஆகவே நீங்கள் ஏறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தட்கல் திறந்து முடிந்துவிடும். டெல்லியிலேயே புறப்படும் வண்டிகளில் இந்தக் குழப்பம் இல்லை. பொது ஒதுக்கீட்டு இடமும் அவற்றில்தான் அதிகம், வெயிட்டிங் லிஸ்டும் சீக்கிரம் நகரும்.

அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. சென்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். எந்த வகுப்பில் சலுகை?
*வாசகி, துவாரகா*

புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்காகப் போகும்போது ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் கட்டணமே இல்லை, 100 சதவீதச் சலுகை. துணைக்குப் போகும் ஒருவருக்கு இந்த இரண்டு வகுப்பிலும் 75 சதவீதம் குறையும். செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசியில் சலுகை 50 சதவீதம்தான். ஆகவே தேர்டு ஏசியில் கீழ் பெர்த் கிடைத்தால் அதையே எடுங்கள். சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது, ஆட்கள் நெருக்கத்தில் இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் செகண்ட் ஏசிக்கு மாறலாம். இந்தச் சலுகையை முன்பதிவுக் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் இட்ட ரயில்வே படிவம் அசலாகவே இருக்கட்டும், வண்டியிலும் கையில் வைத்திருங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 'அந்தச் சலுகையும் சேர்த்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செகண்ட் ஏசியில் பணம் கட்டிவிட்டு, பாதி வழியில் ஏசி நின்றுபோனால்?
*வாசகர், லோதி காலனி*

முதலில் பெட்டி உதவியாளர், அடுத்து டி.டி.இ. அதோடு நிற்காமல் 139க்கு அழைத்தோ, ரயில் மதத் செயலியிலோ பி.என்.ஆர். எண்ணோடு புகார் பதியுங்கள். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ஏசி ஓடவில்லை என்று டி.டி.இ.யிடம் எழுத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்தத் தாளைத்தான். செகண்ட், தேர்டு ஏசி இரண்டுக்கும், ஓடாத தூரத்துக்கு ஏசி கட்டணத்துக்கும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் திரும்பக் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட் என்றால், வண்டி போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிந்து, சான்றின் அசலை ஐ.ஆர்.சி.டி.சி.க்கு அனுப்ப வேண்டும். ஊருக்குப் போன அசதியில் தூங்கி எழுந்து மறுநாள் மாலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு முடிந்திருக்கும்.

பனிமூட்டத்துக்கும் இதே டி.டி.ஆர்.தான். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்புகிறது, நீங்கள் போகவில்லை என்று முடிவெடுத்தால், வண்டி கிளம்புவதற்குள் பதிந்தால் முழுப் பணமும் வரும்.

ஏழு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள். அரை டிக்கெட் எடுத்தால் போதுமா?
*வாசகி, சரோஜினி நகர்*

5 முதல் 12 வயதுக்குள் அரைக் கட்டணம் என்றால் பெர்த் கிடையாது. பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஒரு பெர்த்தின் அகலம் ஏறக்குறைய இரண்டடி. ஒன்பது வயதுப் பிள்ளையோடு அதில் இரண்டு இரவு ஒண்டிப் படுத்தால் ஊர் போய்ச் சேரும்போது உங்கள் முதுகு சொல்லும். ஸ்லீப்பரில் நான்கு முழு டிக்கெட் என்பது செகண்ட் ஏசியில் மூன்றும் ஓர் அரையும் போடுவதைவிடப் பல மடங்கு மலிவு, அனைவருக்கும் படுக்க இடமும் உண்டு. கோடையென்றால் தேர்டு ஏசியில் ஒரு பிள்ளைக்காவது பெர்த் எடுங்கள். சிறியவனை நடு பெர்த்தில் படுக்க வையுங்கள், மேல் பெர்த்தில் வேண்டாம். அங்கே ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். கம்பளி ஒவ்வொரு பயணத்துக்கும் துவைப்பதல்ல, மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம் என்பதே ரயில்வே சொல்லும் கணக்கு. ஆகவே ஒரு விரிப்பைக் கீழே போட்டு, இரண்டாவதைப் பிள்ளைக்கும் கம்பளிக்கும் நடுவில் போடுங்கள். இரண்டு விரிப்பு தருவது அதற்குத்தான்.

ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரோடு ஆக்ரா ஒரு நாள் போய்வர வேண்டும். எக்ஸிகியூட்டிவ் சேர் கார் எடுக்கலாமா?
*வாசகர், வசந்த் குஞ்ச்*

சுமார் 195 கிலோமீட்டர், வேக வண்டியில் இரண்டு மணி நேரம். சாதா சேர் காரில் ஒரு வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கை, எக்ஸிகியூட்டிவில் இரண்டும் இரண்டுமாக நான்கு. அந்த ஒரு இருக்கை இடைவெளிக்கு ஏறக்குறைய இரட்டைக் கட்டணம். வேண்டாம். சேர் காரே போதும். மிச்சத்தில் ஆக்ரா நிலையத்திலிருந்து நாள் முழுக்க ஏசி கார் ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். தாஜ் மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அந்த நாளுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.